பழைய ஜீப்புக்குப் புதிய டீசல் எஞ்சின்: பணத்தை எடுக்க முன் ஒரு பாடம்

ஏ9 வீதியில் நின்று பார்ப்பவருக்குக் கனகராயன்குளத்தில் போக்குவரத்துக் குறை எதுவும் தெரியாது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பேருந்துகள் ஓடுகின்றன. லொறிகள் இரவு பகலாகப் போகின்றன. வீதியை விட்டுக் கிழக்கே அல்லது மேற்கே சில கட்டை தூரம் காட்டோரமாக உள்ளே போய்ப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். மாரி மழை தொடங்கியதும் கிறவல் பாதை சேறாகிறது. வாய்க்கால் உடைத்துப் பாதைக்கு மேலாகப் பாய்கிறது. நெல் மூட்டை வயலில் நனைய, லொறிக்காரர் வீதியில் நின்றபடி “இங்கே கொண்டு வாருங்கள்” என்கிறார். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இதே பாதைதான்.

இதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கும் பழைய லான்ட் றோவருக்கும் வில்லீஸ் ஜீப்புக்கும் எமது பகுதிகளில் இன்னும் மதிப்பு உண்டு. இவற்றின் சட்டகம் உறுதியானது. ஆனால் ஐம்பது, அறுபது வயதான பெற்றோல் எஞ்சின் எரிபொருளைக் குடிக்கிறது, சூடேறுகிறது, அதன் உதிரிப்பாகமும் கிடைப்பதில்லை. “எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு நல்ல டீசல் எஞ்சினைப் போட்டால் என்ன?” என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை இழந்த குடும்பம், நகையை அடைவு வைத்தோ லீசிங் எடுத்தோ செய்யும் வேலையாக இது இருக்கும்போது, முழுக் கணக்கையும் அறிந்த பின்பே இறங்க வேண்டும். அந்தக் கணக்கையே இப்பாடத்தில் பார்க்கிறோம்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்தது

எஞ்சினையும் எரிபொருளையும் பற்றி வன்னி மக்களுக்குப் பிறர் வந்து பாடம் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. 2002இன் தொடக்கத்தில் தடைகள் நீங்கும் வரை மண்ணெண்ணெயே எமது எரிபொருள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் ஒரு சிறு போத்தல் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடின. அந்தக் கார்கள் ஓடியதற்கும் புதிய கார்கள் ஓடாததற்கும் காரணம் உண்டு.

பழைய பெற்றோல் எஞ்சின், காற்றையும் எரிபொருளையும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்குகிறது. இவ்வளவு குறைந்த நெருக்கத்தில் மண்ணெண்ணெய் முந்தி வெடிக்காமல் ஓரளவு ஒழுங்காக எரியும். கூடுதலாக நெருக்கும் புதிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே பற்றி, பிஸ்ரனை அடித்து உடைக்கும். லான்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் தொடக்கத்தில் ஏழுக்கு ஒன்று நெருக்கம் உள்ளதே.

டீசல் எஞ்சின்களில் மண்ணெண்ணெய் வேறு விதமான சேதத்தைச் செய்தது. டீசலில் இயல்பாகவே ஒரு வழுவழுப்பு உண்டு. மண்ணெண்ணெயில் அது குறைவு. உழவு இயந்திரங்களின் பேர்க்கின்ஸ் எஞ்சின்களில் உள்ள சீஏவி சுழல் பம்ப் போன்றவற்றுக்கு, உள்ளே ஓடும் எரிபொருளே எண்ணெயும் ஆகும். வெறும் மண்ணெண்ணெயில் ஓடினால் அவை தேயும். ஒயில் கலந்து ஊற்றியதன் நியாயம் இதுதான். பெரிய லொறி எஞ்சின்களில் வரும் வரிசைப் பம்பின் அடிப்பாகத்துக்கு எஞ்சின் ஒயில் தனியாகக் கிடைப்பதால் அவை கூடுதலாகத் தாங்கின.

இந்தப் பழைய அனுபவத்தை நாம் மறக்கக் கூடாது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூன் 26இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும், ஒட்டோ டீசல் 460 ரூபாவுக்கும் ஏறின. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. எரிபொருள் எப்போதும் நல்லதாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்று எண்ணி எஞ்சினைத் தெரிவு செய்யும் உரிமை எமக்கு இல்லை. எந்த எஞ்சின் மோசமான எரிபொருளைத் தாங்கும், எது ஒரு நாளிலேயே கெடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு எஞ்சினுக்கும் உள்ள வேற்றுமை

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைப்பது பிளக்கின் தீப்பொறி. டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. காற்றை மட்டும் பதினேழு, இருபது மடங்கு நெருக்கும்போது அந்தக் காற்றே சூடேறுகிறது. அதற்குள் டீசலைப் பீச்சியதும் தானாகப் பற்றுகிறது. இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே மற்றவை எல்லாம் வருகின்றன.

இவ்வளவு நெருக்கத்தைத் தாங்க டீசல் எஞ்சினின் இரும்பு தடிப்பாக வேண்டும்; ஆகவே பாரம் கூடும். அதைச் சுழற்றி ஸ்ராட் செய்யப் பெரிய பற்றரியும் வலிய ஸ்ராட்டரும் வேண்டும். ஒவ்வொரு வெடிப்பும் பலமானது. ஆகவே அதிர்வும் கூடும். மறுபக்கத்தில், ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலிலும் கூடுதலான வெப்பச் சக்தி உண்டு. அதில் கூடிய பங்கு வேலையாகவும் மாறுகிறது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைக்கிறது. சேற்றில் மூட்டையோடு மெதுவாக ஏறும் வாகனத்துக்கு வேண்டியது இந்த இழுவைதான்.

மூன்று வழிகள்

எஞ்சின் மாற்ற எண்ணுபவர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உழவு இயந்திர வகை எஞ்சின். பேர்க்கின்ஸ் 4.203 என்னும் நாலு சிலிண்டர் எஞ்சினை லான்ட் றோவரில் போடுவது பல நாடுகளில் நெடுங்காலமாக நடந்த வேலை. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமான எஞ்சின்; மின்சாரப் பெட்டி எதுவும் இல்லை. குறை, அதன் பாரமும் குறைந்த சுழற்சியும்.

இரண்டாவது, ஜப்பானிய பிக்கப், லொறி எஞ்சின். இசுசு 4ஜேபி1 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2,771 கன சென்ரிமீற்றர்; பிளக் இல்லை, கணினி இல்லை. உள்ளே ரைமிங் பெல்ற் இல்லாமல் பற்சக்கரங்களாலேயே இயங்குவதால் பெல்ற் அறுந்து வால்வு வளையும் பயமும் இல்லை. இவை பெரும்பாலும் கழற்றிய பழைய எஞ்சின்களாகக் கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் விற்கப்படுபவை. நல்லதும் வரும், கெட்டதும் வரும்.

மூன்றாவது, பெட்டியோடு வரும் புத்தம் புதிய எஞ்சின். அமெரிக்காவின் கமின்ஸ் நிறுவனம் 2017இல் இப்படிப் பழைய வாகனங்களுக்கென்றே ஆர் 2.8 என்னும் எஞ்சினை விற்பனைக்கு விட்டது. 2.8 லீற்றர், 161 குதிரைவலு, கம்பித்தொகுதி, கணினி, மின் மிதி எல்லாம் சேர்ந்தே வரும். சத்தம் குறைவு, புகை குறைவு, சிக்கனம். ஆனால் இதில் எரிபொருளை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கணினி அளந்து பீச்சுகிறது. ஜீப் ரயருக்கு நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார் என்றால் இந்த அழுத்தத்தை ஊகித்துக் கொள்ளலாம். இதற்குக் கந்தகம் மிகக் குறைந்த, தண்ணீரும் தூசும் இல்லாத டீசல் வேண்டும். பரலில் கிடந்த டீசலோ மண்ணெண்ணெய்க் கலவையோ உள்ளே போனால், இன்ஜெக்ரர்களின் விலை ஒரு போகத்தின் வருமானத்தை விழுங்கும்.

நாம் சொல்லக்கூடியது இது: காட்டோரப் பாதையில் ஓடி, பரலில் டீசல் வைத்துப் பாவிக்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் பொருத்தம். முதலாவது வழி, வேகம் வேண்டாம் என்பவருக்கு. மூன்றாவது, கணினியைச் சோதிக்கும் கருவியும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் அருகில் உள்ளவருக்கு மட்டும்.

இந்த வேலை எமது நாட்டில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு 31 கிலோமீற்றர் கற்பாதையில் 1950களின் லான்ட் றோவர்கள் பயணிகளை ஏற்றி ஓடியது உலகறிந்த செய்தி. அவற்றுட் சிலவற்றில் இந்திய மஹிந்திரா டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த மஹிந்திரா நிறுவனமும் தன் வாகனத் தொழிலை வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்றுத் தொடங்கியதே. பின்னர் பிரான்சின் பிஜோ நிறுவனத்தின் உரிமம் பெற்று 2,112 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினை அதே ஜீப்பில் போட்டது. பெரிய எஞ்சின் தேடாமல், ஜீப்பின் கியர் பெட்டி தாங்கும் அளவான எஞ்சினையே போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சக்தி கூடினால் எது உடையும்?

“பெரிய எஞ்சின் போட்டால் நன்றாக இழுக்கும்” என்பது பாதி உண்மை. எஞ்சினின் முறுக்கு விசை கிளச், கியர் பெட்டி, ரான்ஸ்பர் பெட்டி, புறொப்பெல்லர் தண்டு, டிபறன்ஷியல், அக்சில் தண்டு என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் சக்கரத்துக்குப் போகிறது. மாட்டு வண்டியில் நுகத்தடி பழையதாக இருக்க, எருதை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

எண்ணில் பார்ப்போம். பழைய லான்ட் றோவர் 2.25 பெற்றோல் எஞ்சினின் முறுக்கு விசை ஏறக்குறைய 168 நியூற்றன் மீற்றர். காற்றூதி இல்லாத 4ஜேபி1 எஞ்சினின் விசையும் ஏறக்குறைய இதே அளவு. ஆகவே பழைய பெட்டி தாங்கும். கமின்ஸ் ஆர் 2.8இன் விசை ஏறக்குறைய 420 நியூற்றன் மீற்றர், இரண்டரை மடங்கு. பழைய லான்ட் றோவரின் பின் அக்சில் தண்டு அதன் சொந்த எஞ்சினுக்கே உடையும் என்று பெயர் எடுத்தது. இரண்டரை மடங்கு விசையை அதற்குக் கொடுத்தால், கியர் பெட்டியும் அக்சிலும் பிறேக்கும் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். அப்போது எஞ்சினின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான்.

வேகக் கணக்கு

எஞ்சின் வாங்க முன் வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. சக்கரத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, வாகனத்தை ஒரு முழுச் சுற்று தள்ளி, நிலத்தில் அது போன தூரத்தை அளவுங்கள். 2.4 மீற்றர் என்று கொள்வோம். லான்ட் றோவரில் டிபறன்ஷியல் 4.7, உயர் நிலையில் ரான்ஸ்பர் பெட்டி 1.148. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 5.4. நாலாம் கியரில் எஞ்சின் 5.4 தரம் சுற்றச் சக்கரம் ஒரு தரம் சுற்றும்.

பேர்க்கின்ஸ் எஞ்சின் நிமிடத்துக்கு 2,600 சுற்று என்றால்: 2,600ஐ 5.4ஆல் வகுக்க 481, அதை 2.4ஆல் பெருக்க நிமிடத்துக்கு 1,155 மீற்றர்; மணிக்கு ஏறக்குறைய 69 கிலோமீற்றர். அதுவே உச்ச வேகம். ஏ9 வீதியில் பேருந்து பின்னால் நின்று ஹோண் அடிக்கும்.

ஜப்பானிய எஞ்சின் 3,600 சுற்று என்றால்: 667 சக்கரச் சுற்று, 1,600 மீற்றர், மணிக்கு 96 கிலோமீற்றர். இது போதும். அந்த உச்ச வேகத்தில் எப்போதும் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பொருத்தும் வேலை: படிப்படியாக

1. முதலில் அளவு. எஞ்சின் உள்ளே போகுமா என்று பார்ப்பது மட்டும் போதாது. எஞ்சினுக்குக் கீழே முன் டிபறன்ஷியலும் முன் புறொப்பெல்லர் தண்டும் உள்ளன. வாகனம் குழியில் விழும்போது முன் அக்சில் மேலே எழும். எழுந்து வந்து ஒயில் சம்ப்பில் மோதினால், காட்டின் நடுவில் ஒயில் முழுவதும் நிலத்தில் போய்விடும். அக்சில் முழுமையாக எழும்பிய நிலையிலும் இடைவெளி இருக்க வேண்டும்.

2. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடைத்தகடு. இரண்டு கம்பனியின் போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே தடித்த உருக்குத் தகடு ஒன்றைக் கடைச்சல் பட்டறையில் செய்விக்க வேண்டும். இந்த வேலையின் உயிர் இதில்தான் உள்ளது. எஞ்சினின் நடுவும் கியர் பெட்டித் தண்டின் நடுவும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு தலைமயிரின் பருமன் அளவுக்கு மேல் விலகக் கூடாது. கண்ணால் பார்த்துத் துளை போட்டால் அன்று ஓடும். சில மாதத்தில் கியர் பெட்டியின் பெயரிங் இரையும், கிளச் அதிரும், பின்பு தண்டு உடையும். டயல் கேஜ் என்னும் அளவு கருவி வைத்திருக்கும் பட்டறையையே தேடுங்கள். கியர் பெட்டித் தண்டின் நுனி பிளைவீலின் நடுவில் உட்காரும் சிறு பெயரிங்கையும் அளவுக்குச் செய்விக்க வேண்டும்.

“எஞ்சினோடு அதன் கியர் பெட்டியையும் சேர்த்தே போடலாமே” என்று கேட்கலாம். வில்லீஸிலும் லான்ட் றோவரிலும் ரான்ஸ்பர் பெட்டி, கியர் பெட்டியின் முதுகிலேயே பூட்டப்பட்டுள்ளது. கியர் பெட்டியை மாற்றினால் அதுவும் கழன்றுவிடும். நாலு சக்கர இழுவையும் போய்விடும். அந்த இழுவைக்காகத்தானே வாகனம் வாங்கினோம்.

3. தாங்கிகள். சட்டகத்தில் ஒட்டும் தாங்கிகளுக்கு றபர் கட்டாயம். அந்த எஞ்சினுக்கே உரிய றபரைப் போடுங்கள். டீசலின் அதிர்வு றபர் இல்லாத தாங்கியின் ஒட்டைப் பிளந்துவிடும்.

4. எரிபொருள்த் தாங்கி. டீசல் எஞ்சினில் பாவிக்காத எரிபொருள் திரும்பித் தாங்கிக்கு வரும். அதற்கு இரண்டாவது குழாய் வேண்டும். பெற்றோல் இருந்த தாங்கியில் துளை போட்டு ஒட்ட முனைவது உயிராபத்து. வெறும் தாங்கி என்று எண்ண வேண்டாம். நிறைந்த தாங்கியை விட, ஆவி நிறைந்த வெறுந் தாங்கியே வெடிக்கும். மேலே உள்ள மூடித் தகட்டில் ஒட்டு இல்லாமல் போல்டால் குழாயைப் பூட்டலாம். அல்லது புதுத் தாங்கி செய்யலாம். தண்ணீரைப் பிரிக்கும் வடி ஒன்றையும் கட்டாயம் பூட்டுங்கள்.

5. காற்று. எமது செம்மண் புழுதி எஞ்சினுக்கு எமன். காற்று வடியை உயரத்தில் வையுங்கள். வாய்க்காலைக் கடக்கும்போது காற்றுக் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால், தண்ணீரை நெருக்க முடியாததால் எஞ்சினின் உள் தண்டு வளையும். டீசலில் நெருக்கம் கூட. ஆகவே சேதமும் கூட.

6. தண்ணீர்ச் சூடாற்றி. பழைய றேடியேற்றரின் உள்ளே கல் பிடித்திருக்கும். மணலில் முதலாம் கியரில் இழுக்கும் வாகனத்துக்குக் காற்றோட்டமும் இல்லை. றேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவது அல்லது பெரிதாகச் செய்விப்பது, விசிறிக்குச் சுற்றுக் கவசம் போடுவது, இவை செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

7. மின்சாரம். லொறியிலிருந்து கழற்றிய எஞ்சினின் ஸ்ராட்டரும் ஒல்ரனேற்றரும் 24 வோல்ற்றாக இருக்கலாம். ஜீப் 12 வோல்ற். வாங்குமுன் பார்க்கவும். எஞ்சினில் ஹீற்றர் பிளக் இருந்தால் அதற்குத் தடித்த கம்பியும் தனி ரிலேயும் வேண்டும்.

பிறேக்கும் நிறுத்தலும்

பிறேக்கை அழுத்த உதவும் பூஸ்ரர் பெற்றோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் பட்டாம்பூச்சி வால்வு இல்லை. ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை. உங்கள் வாகனத்தில் பூஸ்ரர் இருந்தால், தனி வெற்றிடப் பம்ப் போட வேண்டும். பல ஜப்பானிய எஞ்சின்களில் ஒல்ரனேற்றரின் பின்புறத்திலேயே இந்தப் பம்ப் உண்டு. விற்பவர் வேறு ஒல்ரனேற்றரைப் பூட்டிக் கொடுத்தாரா என்று பாருங்கள். இதைக் கவனியாமல் விட்டால் வாகனம் பட்டறை வாசலில் நன்றாக ஓடும்; மூட்டையும் ஆட்களும் ஏறிய பின் பிறேக் மிதி கல்லாகும்.

முன்புறப் பாரம் கூடுவதால் முன் ஸ்பிறிங்கையும் பிறேக் சப்பாத்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பு 60 கிலோமீற்றரில் ஓடிய வாகனம் இனி 90இல் ஓடும் என்றால், அதை நிறுத்துவதும் அதே பிறேக்தான்.

சாவியைத் திருப்பினால் பெற்றோல் எஞ்சின் நிற்கும், தீப்பொறி நின்றுவிடுவதால். டீசல் எஞ்சினை நிறுத்த எரிபொருளை அடைக்க வேண்டும். இழுக்கும் கம்பியோ மின் அடைப்போ சரியாக வேலை செய்வதைப் பார்த்த பின்பே வண்டியை வீதிக்கு எடுங்கள். அரிதாக எஞ்சின் தன் ஒயிலையே உறிஞ்சி, அடக்க முடியாமல் ஓடத் தொடங்கும். அப்போது கைவைக்க வேண்டாம். தடித்த பலகையால் காற்றுக் குழாயின் வாயை அடையுங்கள்.

இன்னும் ஒன்று. ஓடும் எஞ்சினில் இன்ஜெக்ரர் குழாய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு குற்றுப் போலவே தோன்றும். வலியும் அப்போது தெரியாது. ஆனால் கையையே இழக்க நேரலாம். மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பட்டுவிட்டால், காயம் சிறிதானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், “டீசல் பீச்சியது” என்று சொல்லுங்கள்.

பத்திரம்

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டுள்ளன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். அது களவெடுத்த வாகனத்தினுடையதாக இருந்தால் வழக்கு உங்கள் வீட்டுக்கு வரும். அட்டை இழந்து, உறுதி இழந்து, ஒவ்வொரு கடதாசிக்கும் அலைந்த எமக்குக் கடதாசியின் அருமை தெரியும். 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிட்டபோது வாகனத்தின் பதிவு விபரமே பங்கைத் தீர்மானித்தது. புத்தகத்தில் ஒன்றும் வாகனத்தில் வேறொன்றுமாக இருந்தால் இப்படியான நேரத்தில்தான் கை பிசைய வேண்டி வரும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவியாத மாற்றம் உள்ள வாகனம் விபத்தில் சிக்கினால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

வரவு செலவு

டீசல் சிக்கனம் என்பது உண்மை. எவ்வளவு சிக்கனம் என்பதே கேள்வி. ஓர் எடுத்துக்காட்டாகப் பழைய பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு 6 கிலோமீற்றரும், டீசல் எஞ்சின் 9 கிலோமீற்றரும் ஓடும் என்று கொள்வோம். 100 கிலோமீற்றருக்குப் பெற்றோல் 16.7 லீற்றர், டீசல் 11.1 லீற்றர். 2022 ஜூன் விலையில் பெற்றோல் 7,833 ரூபா, டீசல் 5,111 ரூபா. மிச்சம் 2,722 ரூபா. அதாவது கிலோமீற்றருக்கு 27 ரூபா.

எஞ்சின், இடைத்தகடு, றேடியேற்றர், பற்றரி, கூலி எல்லாம் சேர்த்துப் பத்து இலட்சம் ரூபா முடிந்தது என்று கொள்வோம். எரிபொருள் மிச்சத்தில் மட்டும் அதை மீட்க ஏறக்குறைய 37,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஒரு குடும்பம் நாளுக்கு 25 கிலோமீற்றர், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 5,000 கிலோமீற்றர். ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும்! கடனுக்கு வட்டி கட்டினால் இன்னும் கூடும். எரிபொருள் விலை குறைந்தால், மிச்சமும் குறையும், ஆண்டு நீளும். இன்றைய விலையையும் உங்கள் பட்டறை சொன்ன தொகையையும் போட்டு இதே கணக்கை நீங்களே செய்யுங்கள்.

ஆகவே எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி நகையை அடைவு வைக்கக் கூடாது. வாடகைக்கு ஓடக்கூடிய நாள்கள் உண்டா, அயலாரின் நெல்லையும் மரக்கறியையும் வீதிக்குக் கொண்டு வரும் கூலி நிச்சயமா என்பதே தீர்மானிக்க வேண்டிய கேள்வி. சொந்தத் தேவைக்கு மட்டும் என்றால், பழைய பெற்றோல் எஞ்சினைக் கடைந்து புதுப்பிப்பதோ, லான்ட்மாஸ்ரருக்கு ஒரு நல்ல பெட்டி வாங்குவதோ மலிவாக முடியலாம். நாலைந்து குடும்பங்கள் கூட்டாக ஒரு வாகனத்தைச் செய்வதென்றால், ஓட்டுநர் யார், ஒயில் மாற்றும் செலவு யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை முதல் நாளே எழுதி ஒப்பமிடுங்கள்.

கணக்கில் எழுதாத ஒன்றும் உண்டு. 1997இல் ‘ஜெயசிக்குறு’ படை நடவடிக்கை ஏ9 வழியே வடக்கே நகர்ந்தபோதும், 2008, 2009 காலத்திலும், ஓடக்கூடிய ஒரு வாகனம் வீட்டில் இருந்ததா இல்லையா என்பது, எதைக் கொண்டு போகலாம், நடக்க முடியாத தாயை எப்படி ஏற்றலாம் என்பதைத் தீர்மானித்தது. அதை அனுபவித்தவருக்கு வாகனத்தின் பெறுமதியை ரூபாவில் மட்டும் சொல்ல முடியாது. அதே அனுபவந்தான் இன்னொன்றையும் சொல்கிறது: ஆபத்தில் கைகொடுத்தவை ஊர் மெக்கானிக் மரத்தடியில் வைத்துத் திருத்தக்கூடிய எஞ்சின்களே. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைத் தேடுங்கள்.

வாங்கப் போகும்போது

எஞ்சினை ஓட்டிக் காட்டாமல் வாங்க வேண்டாம். ஆறிய எஞ்சினை உங்கள் முன்னே ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகியுங்கள். நீலப் புகை ஒயில் எரிவதையும், சூடேறிய பின்னும் நீங்காத வெள்ளைப் புகை நெருக்கக் குறைவையோ தண்ணீர்க் கசிவையோ காட்டும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று பலமாக ஊதினால் பிஸ்ரன் வளையம் தேய்ந்துவிட்டது. ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. பம்ப், ஸ்ராட்டர், ஒல்ரனேற்றர், பிளைவீல், தாங்கி றபர் எல்லாம் சேர்ந்தே விலை பேசுங்கள். தனித்தனியாக வாங்கினால் எஞ்சின் விலையில் பாதி மீண்டும் போகும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் மாரி காலத்தில் வீதிக்கு வர முடியாத நாள்கள் எத்தனை? அந்நாள்களில் நாம் இழப்பது எவ்வளவு?

2. எமது மெக்கானிக்குக்குத் தெரிந்த எஞ்சின்கள் எவை? அவற்றின் உதிரிப்பாகம் வவுனியாவில் கிடைக்குமா?

3. ஒரு வாகனம் ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? மேலே காட்டிய கணக்கை எமது எண்களைக் கொண்டு செய்தால் விடை என்ன?

4. வாகனம் வாங்குவதா, அதே பணத்தில் நூறு யார் பாதையைக் கல் போட்டுத் திருத்துவதா? எது கூடுதலான குடும்பங்களுக்குப் பயன்படும்?

நாலாவது கேள்விக்குக் கூடிய நேரம் ஒதுக்குங்கள். பாதை திருந்தினால் சாதாரண உழவு இயந்திரமே வேலையை முடித்துவிடும். அதற்கு எஞ்சின் மாற்றத் தேவையில்லை.